ரப்பர் போட்டைக் கட்டி இழுப்பது எப்படி? (கவிழ்த்துவிட்டுத்தான் கேட்கிறேன்)

உவர்மலையான்
ஞாயிறு, இரவு 9.40

சிரிக்க நினைப்பவர்கள் முதலிலேயே சிரித்து முடித்துவிடுங்கள், அப்புறம் உதவி செய்யுங்கள்.

ஜெர்மனியில் இருக்கும் மச்சான் போன வருடம் சாமான் பெட்டிகளோடு காற்று நிரப்பும் ரப்பர் போட் ஒன்றையும் அனுப்பிவைத்தார். 2.9 மீற்றர் நீளம், 1.5 மீற்றர் அகலம், அடியில் பலகைச் சட்டங்கள். வெறும் போட் 35 கிலோவுக்குள்தான். அதற்குப் பழைய 8 குதிரைவலு எஞ்சின் ஒன்று வாங்கினேன், டூ ஸ்ட்ரோக். இன்று காலை திருகோணமலையில் டச் பேயிலிருந்து உப்புவெளிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மாமாவின் 18 அடி பைபர் போட்டுக்குப் பின்னால் கட்டி இழுத்தால் சுலபம் என்பது என்னுடைய யோசனை, மாமாவுடையது அல்ல.

முன்பக்கத்து வலது வளையம் ஒன்றில் பதினைந்து அடிக் கயிறு கட்டினேன். எஞ்சின் தூக்கிய நிலையில் ரப்பர் போட்டிலேயே இருந்தது. ஐஸ் பெட்டி, துடுப்புகள், பெற்றோல் தாங்கி எல்லாமும் உள்ளே. சுவாமி மலையைச் சுற்றும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. மலையின் மறைப்பு முடிந்து உப்புவெளிப் பக்கம் திரும்பியதும் கச்சான் காற்று பக்கவாட்டில் பிடித்தது. போட் முதலில் வால் ஆட்டியது, பிறகு ஒரு பக்கம் எழும்பியது, பிறகு தலைகீழ். மாமா சட்டென்று வேகத்தைக் குறைக்க, தளர்ந்த கயிறு அவருடைய புரொபெல்லரில் சுற்றிக்கொண்டது. மேலே கோணேசர் கோவிலில் பூசை மணி கேட்கிறது, கீழே நாங்கள் இருவரும் மீன் வெட்டும் கத்தியால் கயிறு அறுத்துக்கொண்டிருக்கிறோம்.

வளையம் அடித் துண்டோடு பிய்ந்துவிட்டது. ஒரு துடுப்பு போய்விட்டது. எஞ்சின் இருபது நிமிடம் உப்புத் தண்ணீருக்குள் இருந்தது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை.

கடலில் சரியாகக் கட்டி இழுப்பது எப்படி? அடுத்த வாரங்களில் இறக்கக்கண்டிப் பக்கம் ரோட்டால் கொண்டுபோக வேண்டும், காற்று நிரப்பியபடியே காருக்கு மேல் வைத்துக் கட்டலாமா? இந்த இரண்டும்தான் கேள்வி.

சீனன்குடா மெக்கானிக்
ஞாயிறு, இரவு 9.52

தம்பி, இந்த இழையை நாளைக்குப் படிக்கலாம். எஞ்சின் இப்போது எங்கே?

உவர்மலையான்
ஞாயிறு, இரவு 9.55

விறாந்தையில். துடைத்து வைத்திருக்கிறேன், அண்ணா.

சீனன்குடா மெக்கானிக்
ஞாயிறு, இரவு 10.10

துடைத்து வைத்தால் காலையில் துரு. உப்புத் தண்ணீர் உள்ளே போன எஞ்சினைக் கெடுப்பது கடல் அல்ல, வெளியே எடுத்த பிறகு அதற்குக் கிடைக்கும் காற்று. உடனே தொடங்குங்கள்.

மூடியைக் கழற்றி எல்லா இடத்திலும் நல்ல தண்ணீர் அடியுங்கள், பயப்படவேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் வயரை எஞ்சின் உடம்பில் தொடவைத்துவிட்டு, பிளக் துவாரம் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி சரித்து, ஸ்டார்ட் செய்யும் கயிற்றை மெதுவாக இழுங்கள். தண்ணீர் பீச்சிக்கொண்டு வரும். வருவது நிற்கும்வரை இழுக்க வேண்டும். காபரேற்றர் கிண்ணத்தைத் திறந்து கொட்டுங்கள். பெற்றோல் தாங்கியில் இருப்பதையும் நம்பாதீர்கள், புதிதாக நிரப்புங்கள். பிறகு பிளக் துவாரத்தால் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் எண்ணெய் விட்டு இன்னும் சில தடவை இழுத்துவிட்டு, புதிய பிளக் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். புரொபெல்லர் பகுதி தண்ணீருக்குள் இருக்க வேண்டும், பெரிய வாளி போதும். பிடித்தால் அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள், உள்ளே மிச்ச ஈரம் காய அதுதான் வழி.

இன்றிரவு முடியாது என்றால் எஞ்சினை நல்ல தண்ணீர் நிரப்பிய தொட்டிக்குள் முழுதாக அமிழ்த்தி வையுங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் அரைகுறையாகக் காய்வதைவிட நல்ல தண்ணீருக்குள் கிடப்பது மேல்.

ஒன்று கேட்க வேண்டும். கவிழும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா? ஓடியிருந்தால் கயிற்றைப் பலமாக இழுக்காதீர்கள், பிஸ்டனின் இணைப்புக் கம்பி வளைந்திருக்கலாம்.

உவர்மலையான்
ஞாயிறு, நள்ளிரவு தாண்டி 12.35

ஓடவில்லை. டோர்ச் பிடித்தது அம்மா, திட்டியதும் அம்மா. பதினோராவது இழுப்பில் பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் பார்த்துவிட்டுப் போனார், ஒன்றும் கேட்கவில்லை. நன்றி அண்ணா.

மூதூர் நானா
திங்கள், காலை 6.15

தம்பி, வள்ளம் இழுத்துப் பழகிய ஆட்களுக்கும் இந்தச் சாமான் முதல் தடவை அவமானம்தான் தரும். எனக்கும் தந்தது. ஒரு வெள்ளைக்காரரின் போட்டைக் கொட்டியார் குடாவுக்குக் குறுக்கே இழுத்து வந்தபோது மூன்று தடவை கவிழ்ந்தது. பைபர் வள்ளம் தண்ணீருக்குள் உட்காரும். ரப்பர் போட் தண்ணீருக்கு மேல் நிற்கும். காற்றுக்கு அது ஒரு பட்டம், உங்கள் கயிறு அதற்கு நூல். எடை குறைவு, இழுக்க இலகு என்று நினைத்தீர்கள் அல்லவா? எடை குறைவுதான் தொல்லையே.

எஞ்சினைக் கழற்றி இழுக்கும் போட்டுக்குள் வைத்துவிட வேண்டும். இதில் பேரம் இல்லை. 27 கிலோ எஞ்சின் கடையாரில் (பின்முனையில்) தொங்கினால் அணியம் (முன்முனை) தானாகவே எழும்பும், எழும்பிய அணியத்துக்குக் கீழே காற்று நுழையும், மிச்சம் நீங்கள் பார்த்ததுதான். ஐஸ் பெட்டி, பெற்றோல், துடுப்பு எல்லாமும் உங்களோடு வரட்டும். ரப்பர் போட்டுக்குள் ஒன்றும் உருளக்கூடாது, ஒருவரும் இருக்கவும் கூடாது. "நான் உள்ளே இருந்து பிடித்துக்கொள்கிறேன்" என்று ஒரு பையன் கட்டாயம் சொல்வான். அவனுக்கு வேறு வேலை கொடுங்கள்.

ஒரு வளையத்தில் கட்டினால் போட் நேரே வராது. இரண்டு பக்கத்து முன் வளையங்களிலும் கட்டி, கவண் மாதிரி கவடு போட்டு, அந்தக் கவட்டிலிருந்து ஒரு கயிறு உங்களிடம் வரவேண்டும். கைபிடிக்கும் நாடாக்களில் கட்டாதீர்கள், அவை தூக்குவதற்கு. கவட்டின் சந்தியில் வலை மிதவை ஒன்றைக் கட்டிவிடுங்கள். புரொபெல்லரில் சுற்றியது என்றீர்களே, அந்த மிதவை இருந்திருந்தால் கயிறு மேலே மிதந்திருக்கும்.

இனி நீளம். அலை இல்லாத இடத்தில் எந்த நீளமும் சரி. அலை இருந்தால் கயிற்றை விட்டுவிட்டுப் பாருங்கள்: நீங்கள் ஓர் அலை ஏறும்போது பின்னால் வருவதும் ஓர் அலை ஏறவேண்டும், நீங்கள் இறங்கும்போது அதுவும் இறங்கவேண்டும். அப்படி அமைந்தால் கயிறு ஒரே இறுக்கத்தில் இருக்கும். அமையாவிட்டால் தளர்ந்து, வெடுக்கென்று இழுத்து, தளர்ந்து, வெடுக்கென்று இழுத்து, கடைசியில் வளையம் கையோடு வரும். காற்று மாறினால் அலையும் மாறும், நீளத்தையும் மாற்றவேண்டி வரும். அதனால் கயிற்றைக் குற்றியில் இறுகக் கட்டி மறந்துவிடாதீர்கள். ஒருவர் பின்பக்கம் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், பக்கத்தில் கத்தியோடு.

வேகத்தைக் குறைக்குமுன் கயிற்றைச் சுருட்டு. குறைத்த பிறகு அல்ல, குறைக்குமுன். நேற்று நடந்தவற்றில் உண்மையில் ஆபத்தானது அதுதான். மலைக்குப் பக்கத்தில் எஞ்சின் இல்லாமல் நின்றது.

பௌதிக வாத்தி
திங்கள், மாலை 4.30

நானா அனுபவத்தில் சொன்னதற்கு நான் கணக்குப் போடுகிறேன், தொழில் தோஷம்.

வளையத்தின் அடித் துண்டு பசையால் ஒட்டியது. பசைக்கு ஒரு குணம் உண்டு: தளத்தோடு தளமாக வழுக்க இழுத்தால் நூறு கிலோவையும் தாங்கும், ஓரத்தால் உரித்தால் குழந்தையும் பிய்த்துவிடும். சுவரில் ஒட்டிய நோட்டீஸைக் கிழிப்பதை நினைத்துப் பாருங்கள். உங்கள் கயிறு குட்டையாகவும் மேலேயும் இருந்ததால் வளையத்தை உரித்திருக்கிறது. கயிறு நீளமாகவும் தாழ்வாகவும் இருந்தால் இழுவிசை துண்டோடு சமாந்தரமாகப் போகும்.

கவட்டுக்கும் இதே கதை. இரண்டு கால்களுக்கும் இடையே 60 பாகை என்றால் ஒவ்வொரு வளையமும் மொத்த இழுவையில் ஏறக்குறைய 58 வீதத்தைத் தாங்கும். 120 பாகையாக விரித்தால் ஒவ்வொன்றும் முழு இழுவையையும் தாங்கவேண்டும், அதாவது இரண்டு வளையம் கட்டியும் லாபமில்லை. கவட்டின் கால் ஒவ்வொன்றும் இரண்டு வளையங்களுக்கு இடையிலான தூரத்தைவிட நீளமாக இருக்கட்டும்.

உள்ளே தண்ணீர் ஏறினால்? அந்தப் போட்டின் உட்பகுதி ஏறக்குறைய 2 மீற்றர், 65 சென்ரிமீற்றர், 35 சென்ரிமீற்றர் என்று எடுத்தால் 450 லீற்றர் பிடிக்கும். ஒன்பது சீமெந்து மூட்டை. 35 கிலோவை இழுக்கத் தொடங்கியவர் அரை தொன்னை இழுத்துக்கொண்டிருப்பார், கயிறும் வளையமும் மட்டும் பழையவை.

ஸ்காபரோ சித்தப்பா
திங்கள், இரவு 11.05

இங்கே சிம்கோ ஏரியில் நாங்கள் வேறு விதம். ரப்பர் போட்டின் அணியத்தை இழுக்கும் போட்டின் பின்பக்கத்தோடு ஒட்ட இழுத்து, கொஞ்சம் தூக்கிக் கட்டிவிடுவோம். கடையார் மட்டும் தண்ணீரில் வழுக்கும். கயிறு நீளமே இல்லை, புரொபெல்லரில் சுற்ற வழியும் இல்லை. பத்து வருடம் இப்படித்தான், ஒரு தடவையும் கவிழவில்லை. பின்பலகையில் இருக்கும் தண்ணீர் அடைப்பானையும் கழற்றிவிடுவோம், ஓடும்போது தண்ணீர் தானாக வெளியேறும்.

மூதூர் நானா
செவ்வாய், காலை 6.00

சித்தப்பா, ஏரி அலை வேறு, சுவாமி மலைக்கு வெளியே வரும் அலை வேறு. ஒட்டக் கட்டினால் பின்னால் வரும் அலை ரப்பர் போட்டைத் தூக்கி உங்கள் எஞ்சின் மேல் வைக்கும். சிறிய பைபர் போட்டில் பின்பக்கம் முழுக்க எஞ்சின்தானே இருக்கிறது, கட்ட இடம் எங்கே?

அடைப்பான் விடயம் பாதி சரி. நல்ல வேகத்தில் ஓடினால் மட்டும் தண்ணீர் வெளியேறும். எங்கள் மாதிரி மெதுவாகப் போகிறவர்களுக்கு அதே துவாரத்தால் உள்ளே வரும். கழற்றாமல் விடுங்கள்.

ஸ்காபரோ சித்தப்பா
செவ்வாய், மாலை 5.20

பெரிய அலையில் நீளம், அமைதியில் ஒட்ட. அதில் உடன்படலாம். ஆனால் காற்றுக்குக் கவிழாமல் இருக்க ஒட்டக் கட்டுவதுதான் நல்லது என்று இன்னும் சொல்வேன். நானாவும் மூன்று தடவை கவிழ்த்தவர்தானே.

மூதூர் நானா
செவ்வாய், மாலை 5.41

அதை எழுதியிருக்கவே கூடாது.

அலைமகள்
செவ்வாய், இரவு 8.15

கயிறு பற்றி எல்லாரும் எழுதிவிட்டீர்கள், காற்று எந்தத் திசை என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனி ஆடியில் கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. கரையில் நின்று பார்த்தால் கடல் கண்ணாடி மாதிரித் தெரியும், ஏனென்றால் அலை எழும்ப அந்தக் காற்றுக்குக் கரையோரத்தில் தூரம் போதாது. இரண்டு கிலோமீற்றர் வெளியே போனால் வேறு கடல். கயிறு அறுந்த ரப்பர் போட்டை அந்தக் காற்று வங்காள விரிகுடாவுக்குள் கொண்டுபோகும், நீந்திப் பிடிக்கிற வேகத்தில் அது போகாது. போட்டைப் பிடிக்க நீந்திப் போகாதீர்கள். போட் போனால் போகட்டும்.

அதனால் விடியற்காலையில், கரையை ஒட்டி. இரண்டு பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தீர்களா அண்ணா? நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை.

ஐப்பசிக்குப் பிறகு வாடை தொடங்கினால் இந்தப் பேச்சே இல்லை. தை முடியும்வரை ரப்பர் போட்டை மடித்து வையுங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் வற்றுப்பெருக்கு அட்டவணை பாருங்கள் என்று பாதி நேரம் சொல்வார்கள். இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் அரை மீற்றரைச் சுற்றித்தான், அதற்காக மண்டையை உடைக்க வேண்டாம். காற்றைப் பாருங்கள்.

இன்னொன்று, உள்துறைமுகப் பக்கம் கடற்படைத் தளம். அந்த எல்லைக்குள் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். வேறு கரையிலிருந்து புறப்பட்டாலும் அருகிலுள்ள கடற்படைக் காவலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது நல்லது.

உவர்மலையான்
செவ்வாய், இரவு 9.00

ஜாக்கெட் மாமாவின் போட்டில் இருந்தது. இருக்கைக்குக் கீழே. தலைகுனிகிறேன்.

மூதூர் நானா
செவ்வாய், இரவு 9.12

2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை (ஆட்களை ஏற்றும் மிதவைப் படகு) கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளின் உயிர் போன நாளை நாங்கள் மறக்கவில்லை. அது களப்பு, கடல்கூட இல்லை. இருக்கைக்குக் கீழே வைக்கிற சாமான் இல்லை தம்பி.

உவர்மலையான்
புதன், காலை 7.30

சரி நானா, விளங்கியது.

இனி ரோட்டுக் கேள்வி. இறக்கக்கண்டிக்குப் போய் அங்கே களப்பில் பழகலாம் என்று நினைக்கிறேன். அப்புறம் ஒரு நாள் புறாமலைத் தீவு. நண்பன் ஒருவன் ஓட்டோச் சில்லு இரண்டைப் போட்டு ட்ரெயிலர் செய்து தருகிறேன் என்கிறான். அல்லது காற்று நிரப்பியபடியே கார்க் கூரையில்.

பௌதிக வாத்தி
புதன், மாலை 3.50

கூரை வேண்டாம். காரணம் சொல்கிறேன். போட்டின் அடிப்பரப்பு ஏறக்குறைய 4 சதுர மீற்றர். அது காற்றுக்கு முகம் கொடுத்து நிமிர்ந்துவிட்டால், மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் 30 கிலோ அளவு தள்ளுவிசை. 80 இல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு: 120 கிலோ. எதிரே ஒரு பஸ் வந்தால் அதன் காற்றையும் சேருங்கள். தட்டையாகக் கட்டியிருக்கும்வரை இவ்வளவு வராது. முன்பக்கக் கட்டு ஒன்று தளர்ந்தால் அணியம் நிமிரும், நிமிர்ந்த நொடியில் இந்தக் கணக்கு தொடங்கும். உங்கள் கார்க் கூரைக் கம்பிகள் என்ன எடைக்கு என்று கைநூலில் பாருங்கள், 120 கிலோ என்று எழுதியிருக்காது.

வெயிலையும் மறக்கவேண்டாம். காலை ஆறு மணிக்கு 26 பாகையில் 0.25 பாருக்கு நிரப்புகிறீர்கள். பதினொரு மணிக்குக் கறுப்புத் துணி 56 பாகைக்குப் போகிறது. உள்ளே காற்றுக்கு விரிய இடமில்லை, அழுத்தம் 0.37 பார் அளவுக்கு ஏறும். பாதிக்குப் பாதி கூட. துணி கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும் என்றாலும் தையலும் ஒட்டும் அதைத் தாங்கவேண்டும். அதே போட்டைத் தண்ணீரில் இறக்கினால் குளிர்ந்து தொய்யும், ஓட்டை விழுந்துவிட்டது என்று பயப்படுவீர்கள். தண்ணீரில் வைத்து ஐந்து நிமிடம் விட்டு, பிறகு அளவு பாருங்கள்.

நிலாவெளி கரைவாசி
புதன், இரவு 10.20

பருவத்துக்குப் பருவம் கடற்கரையில் போட் ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

35 கிலோ போட்டுக்கு ட்ரெயிலரா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். டவுனிலிருந்து இறக்கக்கண்டி அரை மணி ஓட்டம். காற்றை இறக்கி, சட்டங்களைக் கழற்றி, சுருட்டி, சின்ன லொறியில் போடுங்கள். கரையில் கால்பம்பால் நிரப்ப இருபது நிமிடம். அந்த இருபது நிமிடச் சோம்பலுக்காகத்தான் ஆட்கள் கூரையிலும் ட்ரெயிலரிலும் காசைக் கொட்டுகிறார்கள். சுருட்டுமுன் உள்ளே மணல் இல்லாமல் கழுவுங்கள். மடிப்புக்குள் மாட்டிய மணல் ரோட்டுக் குலுக்கலில் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும்.

எஞ்சினைப் படுக்க வைக்குமுன் நிறுத்திவைத்துத் தண்ணீர் வடியவிடுங்கள். படுத்திருக்கும்போது எஞ்சின் தலை எப்போதும் புரொபெல்லர் பக்கத்தைவிட உயரமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வடியாத தண்ணீர் புகைவழியால் சிலிண்டருக்குள் போகும், மறுபடி ஞாயிற்றுக்கிழமை இரவுதான். பெற்றோல் தாங்கியின் காற்றுத் திருகாணியை இறுக்கிவிடுங்கள். அதை ஒருபோதும் மூடிய காருக்குள்ளோ டிக்கிக்குள்ளோ வைக்காதீர்கள். லொறியின் திறந்த பெட்டியில், நிழலில், எஞ்சினுக்குத் தூரமாக.

ட்ரெயிலர்தான் வேண்டும் என்றால், ஓட்டோச் சில்லில் எனக்கு விருப்பமில்லை. அதன் சுற்றளவு 1.3 மீற்றர்தான். மணிக்கு 80 இல் நிமிடத்துக்கு ஆயிரம் தடவை சுற்றவேண்டும், கார்ச் சில்லு எழுநூறு சுற்றோடு முடித்துவிடும். பெயரிங் சூடாகும். சூடான பெயரிங்கோடு கரைக்கு வந்து அப்படியே ட்ரெயிலரைக் கடலுக்குள் இறக்குவார்கள். சூட்டில் விரிந்த காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும், சுருங்கும்போது உப்புத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். கிறீஸ் பால் மாதிரி வெள்ளையாக மாறியிருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. கரைக்கு வந்ததும் சில்லின் நடுவைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடு என்றால் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு இறக்குங்கள். பின்விளக்கு வயரையும் தண்ணீருக்குள் போகுமுன் கழற்றுங்கள்.

முழு எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அழுத்தவேண்டும். பின்பாரம் கூடினால் ட்ரெயிலர் வால் ஆட்டும், பிரேக் பிடிக்கப் பிடிக்கக் கூடும். எஞ்சினைப் பின்பலகையில் விட்டு ஓடுபவர்களுக்கு நடப்பது அதுதான். பலகையும் குலுங்கிக் குலுங்கி ஒட்டு விடும். எஞ்சின் வாகனத்துக்குள், அல்லது ட்ரெயிலரின் முன்பகுதியில். பின்பலகைக்கு நேர் கீழே ஒரு தாங்கி. கொக்கிக்குக் கீழே இரண்டு சங்கிலிகள் குறுக்காக, கொக்கி விட்டால் தண்டு ரோட்டில் குத்தாமல் அதன் மேல் விழ.

கட்டும் பட்டி அகலமானதாக இருக்கட்டும். பல்சக்கரம் வைத்த பட்டியால் லொறியில் கட்டுவதுபோல் இறுக்கினால் ரியூப் பிதுங்கும், வெயில் ஏறியதும் பட்டி வெட்டும். கையால் இறுக்கும் கொளுவி போதும். பட்டியில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் காற்றில் படபடக்காது. தொய்ந்த ரியூபோடும் ஓடாதீர்கள், உரசி உரசி நிறம் போய்விடும். பத்து கிலோமீற்றரில் நிறுத்தி ஒரு தடவை எல்லாக் கட்டையும் பாருங்கள், தளருவது எப்போதும் தொடக்கத்தில்தான்.

கோட்டைப் பக்கத்தால் வருகிறீர்கள் என்றால் மான்களுக்கு மெதுவாக வாருங்கள். அவை ட்ரெயிலருக்குப் பிரேக் இல்லை என்பதை அறியா. ஒரு தடவை கோட்டை வாசலில் நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்து வந்தேன், கயிற்றின் நுனியை ஒன்று மென்றுகொண்டிருந்தது.

அலைமகள்
வியாழன், காலை 8.00

புறாமலைக்கு இந்தப் போட்டில் நீங்களாகப் போய் இறங்க முடியாது அண்ணா. 2003 இலிருந்து அது தேசியப் பூங்கா, வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு எடுத்து, நிலாவெளியிலிருந்து போகும் போட்டில் போவதுதான் முறை. முருகைக்கல்லில் நங்கூரம் போட்டால் கல்லுக்கும் கேடு, ரியூபுக்கும் கேடு.

மட்டுறுத்துநர்
வியாழன், பகல் 12.10

மான் படங்கள் ஆறும் "ஊர் நடப்பு" பகுதிக்கு மாற்றப்பட்டன. எஞ்சின் விற்பனை விளம்பரம் நீக்கப்பட்டது.

உவர்மலையான்
வியாழன், இரவு 8.45

வளையம் ஒட்டுவது பற்றி யாராவது? சைக்கிள் ரியூப் பசை போட்டேன், ஒரு இரவு இருந்தது, காலையில் விழுந்துவிட்டது.

சீனன்குடா மெக்கானிக்
வியாழன், இரவு 9.20

விழத்தான் செய்யும். நாம் ரப்பர் போட் என்கிறோமே தவிர உங்களுடையது பிவிசி. அதற்கு இரண்டு பாகம் கலக்கும் பொலியூரித்தேன் பசை வேண்டும். ஹைப்பலோன் என்ற செயற்கை ரப்பர் போட் என்றால் நியோபிரீன் பசை, அது இதற்குப் பிடிக்காது. பழைய பசையை முழுதாகச் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, இரண்டு பக்கத்திலும் மெல்லிதாகப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி, தொட்டால் ஒட்டாமல் இலேசாகப் பிசுபிசுக்கும்போது வைத்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேயுங்கள். மழை ஈரத்தில் செய்யாதீர்கள். இழுபடும் வளையம் என்பதால் ஒரு நாளோடு நம்பாமல் நாலைந்து நாள் விடுங்கள். பழைய துண்டைவிடப் பெரிய துண்டு போடுங்கள், வாத்தியார் சொன்ன உரிபடும் ஓரம் அப்போதுதான் தூரப்போகும்.

உவர்மலையான்
இரண்டு வாரம் கழித்து, சனி, மாலை 6.05

இன்று காலை 5.50 க்கு டச் பேயிலிருந்து புறப்பட்டோம். எஞ்சின், பெட்டி எல்லாம் மாமாவின் போட்டில். இரண்டு வளையம், கவட்டின் கால் ஒவ்வொன்றும் இரண்டு மீற்றர், சந்தியில் மஞ்சள் மிதவை. இருவருக்கும் ஜாக்கெட், மாமா முணுமுணுத்தார் ஆனால் போட்டார். நான் பின்பக்கம் பார்த்தபடி, கத்தி மடியில்.

மலையடியில் அலை கொஞ்சம் இருந்தது. 15 மீற்றரில் வெடுக் வெடுக்கென்று இழுத்தது, 22 மீற்றர் விட்டதும் அமைதியானது. நானா சொன்ன அந்த "இரண்டும் சேர்ந்து ஏறுவது" கண்ணுக்கு முன்னால் நடந்தபோது சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தேன். திரும்பும் இடத்தில் காற்று தொடங்கியிருந்தது, ஒரு தடவை இடது பக்கம் எழும்பிப் பார்த்தது. மாமா வேகத்தைக் குறைக்காமல் காற்றுப் பக்கம் மெதுவாகத் திருப்பினார், படுத்துவிட்டது. உப்புவெளிக்கு முன்னால் நான் கயிறு முழுவதையும் சுருட்டிய பிறகுதான் அவர் எஞ்சினைத் தணித்தார்.

கரையில் ஏற்றும்போது புதிய வளையத்தைப் பிடித்து இழுக்கப் போனேன், மாமா கையில் ஒன்று போட்டார். நாடாவில் பிடித்துத் தூக்கினோம். வளையம் இருக்கிறது. இறக்கக்கண்டிக்கு அடுத்த வாரம், சுருட்டி லொறியில்.

ஸ்காபரோ சித்தப்பா
சனி, இரவு 7.30

அருமை. அந்த இடது பக்கம் எழும்பியதை மட்டும் கவனித்தேன். ஒட்டக் கட்டியிருந்தால் எழும்பியிருக்காது.

மூதூர் நானா
சனி, இரவு 7.48

சித்தப்பா ஒரு தடவை ஊருக்கு வரட்டும், இரண்டு விதமாகவும் இழுத்துப் பார்க்கலாம். தம்பி, துடுப்பு ஒன்று குறைகிறது என்றீர்கள் அல்லவா? என்னிடம் அந்த வெள்ளைக்காரரின் பழைய துடுப்பு ஒன்று கிடக்கிறது. மூதூருக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் வாருங்கள்.